வேலூரில் இருந்து ஃப்ரீலான்ஸ் வேலை: முதல் பேச்சிலிருந்து கடைசித் தவணை வரை

வட ஆற்காட்டுப் பக்கம் வியாபாரம் முகம் பார்த்து நடக்கிறது. தோல் பதனிடும் டேனரிக்காரரும் தரகரும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விலை படிந்துவிடும். மளிகைக் கடையில் பாக்கி நோட்டில் ஏறும், மாதம் பிறந்ததும் கணக்குத் தீரும். தோல், பட்டு, அரிசி என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சரக்குக்கு இந்த முறை பொருந்துகிறது. சம்பளத்துக்கு இல்லாமல் தனித்தனி வேலையாக எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்சர் விற்பதோ, விலை பேசும் நேரத்தில் இன்னும் பிறக்காத சரக்கு. லோகோ எப்படி இருக்கும், இணையதளத்தில் எத்தனை பக்கம் வரும், மொழிபெயர்ப்பு எந்த நடையில் இருக்கும் என்பதெல்லாம் இரண்டு பேர் மனத்திலும் இரண்டு விதமாக இருக்கிறது. பின்னால் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

அதனால் நான் சொல்ல வருவது இதைத்தான்: முகதாட்சண்யத்தை விட வேண்டாம், அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கட்டும். தெரிந்தவர் முகம் சுளிப்பாரோ என்று எழுதாமல் விட்டவர்கள்தான் கடைசியில் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறார்கள். எழுதிக்கொண்டவர்கள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் வருகிறார்கள்.

வடிவமைப்பு, இணையதளம், மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், எழுத்து என்று எதைச் செய்பவருக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும்.

படி 1: யாருக்கு வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வாடிக்கையாளர்கள் ஒரே ரகம் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்துக்குக் கேட்டலாக், பொருள் புகைப்படம், ஆங்கில இணையதளம், வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்கும் ஆவணங்கள் ஆகியவை தேவை. இவர்களுடைய நாட்காட்டி கண்காட்சிகளைச் சுற்றி ஓடுகிறது. சென்னையின் தோல் கண்காட்சி வழக்கமாக ஜனவரி கடைசியை ஒட்டி வருகிறது. மிலான் நகரின் லீனியாபெல்லே கண்காட்சி பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. ஆகவே டிசம்பர் கடைசியில் வரும் போன் எல்லாம் "நாளைக்கே வேண்டும்" என்றுதான் தொடங்கும். நவம்பரிலேயே நீங்களாகப் போய்க் கேட்டுவிட்டால் உங்களுக்கும் நிதானம், அவர்களுக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முதலாளியை அழைக்காதீர்கள். ரமலான் மாதத்தில் சந்திப்பை முற்பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் கவனிக்கப்படுகிற விஷயம்.

ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இன்று லாட்ஜ், மெஸ், ஸ்கேன் சென்டர், மருந்துக் கடை என்று தனி உலகமே இயங்குகிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருவதால் பலகையும் விலைப்பட்டியலும் வங்காளத்திலும் இந்தியிலும் கேட்பார்கள். பட்ஜெட் சிறியது, பணம் பெரும்பாலும் கைமேல் வந்துவிடும். ஒரே தொல்லை, எல்லாம் இன்று மாலைக்குள் வேண்டும்.

ராணிப்பேட்டை சிப்காட் நிறுவனங்களும், பெல் ஆலைக்கு உதிரி வேலை செய்துதரும் பட்டறைகளும் நேர்மாறு. சப்ளையர் பதிவுப் படிவம், பர்ச்சேஸ் ஆர்டர் என்ற எழுத்து உத்தரவு, ஸ்டோர்ஸ் கையெழுத்து எல்லாம் கடந்துதான் பில் நகரும். தாமதமாகும், ஆனால் வரும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாமல் மட்டும் வேலையைத் தொடங்காதீர்கள். அந்த எண் இல்லாத பில்லுக்கு அங்கே மேசையே கிடையாது.

பட்டுக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் முகூர்த்தங்களைப் பின்தொடர்கின்றன. ஆடித் தள்ளுபடிக்கான வேலை ஆனியிலேயே முடிந்திருக்க வேண்டும். ஆடி பிறந்த கையோடு ஆவணி முகூர்த்தத்துக்கான வேலை கேட்பார்கள்.

கல்லூரி வட்டாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்கும் மாணவர்கள் "இப்போது பணம் இல்லை, பிறகு பங்கு தருகிறோம்" என்பார்கள். வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுங்கள். வாடகை கேட்கும் வீட்டுக்காரர் பங்குப் பத்திரம் வாங்குவதில்லை.

படி 2: முதல் பேச்சில் கேட்க வேண்டியவை

முதல் பேச்சில் நம் திறமையை விளக்குவதில் பாதி நேரம் போய்விடுகிறது. அங்கே கேள்வி கேட்பதுதான் வேலை. இது எதற்காக? யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தத் தேதிக்குள் ஏன் வேண்டும்? படங்களும் விவரங்களும் கையில் இருக்கின்றனவா, யாராவது தயாரிக்க வேண்டுமா? எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

இவற்றை எல்லாம் விட முக்கியமான கேள்வி, கடைசியாகச் சரி என்று சொல்லப்போவது யார் என்பது. நம் பக்கம் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். பேசுவது மகன், படம் அனுப்புவது மேலாளர், பணம் தருவது கணக்காளர், வேலை முடிந்த பிறகு முதல்முறையாகப் பார்த்துவிட்டு "பச்சை நிறம் போடுங்கள்" என்பது அப்பா. அப்பாவைக் குறைசொல்லிப் பயனில்லை, நிறுவனம் அவருடையது. முதல் வடிவத்தை அவருக்கும் காட்டச் சொல்வது உங்கள் பொறுப்பு. "தம்பி, அப்பாவும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது, பிறகு மாற்றினால் தேதி தள்ளிப்போகும்" என்று மகனிடம் சொன்னால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

போனிலேயே விலை கேட்பார்கள், அதுவும் உடனே. "சுமாராகச் சொல்லுங்கள்" என்று நீங்கள் சொல்லும் சுமார் தொகைதான் பிறகு கல்வெட்டாகிவிடும். "இரண்டு நாளில் எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள்.

இலவச மாதிரி கேட்டால் பழைய வேலைகளைக் காட்டுங்கள். அதற்கும் திருப்தி இல்லையென்றால் ஒரு சிறு பகுதியைக் குறைந்த கட்டணத்துக்குச் செய்துதரலாம், ஆனால் கட்டணம் உண்டு. முன்பு வேலை செய்த மூன்று பேரையும் திட்டுகிறவர், "சின்ன வேலைதான், உங்களுக்கு அரைமணி நேரம்" என்று தொடங்குகிறவர், பட்ஜெட் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர் ஆகியோரிடம் முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள். நாலாவது ஆளாக நீங்கள் திட்டு வாங்கும்போது அதுவாவது கையில் இருக்கும்.

படி 3: ஒரு பக்கக் கடிதம்

பத்திரம், முத்திரைத்தாள் என்று பயமுறுத்த வேண்டாம். முத்திரைத்தாளைப் பார்த்தாலே ஆம்பூர் முதலாளி வக்கீலைத்தான் நினைப்பார். மின்னஞ்சலில் ஒரு பக்கம் போதும். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அவர் "சரி" என்று பதில் போட்டால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. செவ்வாய்க்கிழமை பேசியபடி, தோல் பைகளுக்கான 16 பக்கக் கேட்டலாக் வடிவமைத்துத் தருகிறேன். ஆங்கில வாசகங்களும் பொருள் எண்களும் தங்கள் அலுவலகத்திலிருந்து 5-ஆம் தேதிக்குள் வர வேண்டும். புகைப்படம் எடுப்பது, அச்சுச் செலவு இரண்டும் இதில் சேராது. முதல் வடிவம் 15-ஆம் தேதி. அதன்பின் இரண்டு சுற்றுத் திருத்தம் இந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். மூன்றாம் சுற்றிலிருந்து பக்கத்துக்கு 300 ரூபாய். மொத்தம் 24,000 ரூபாய்: தொடங்கும்போது 12,000, முதல் வடிவம் ஒப்புக்கொண்டதும் 7,200, அச்சுக்கான கோப்பு தருவதற்கு முன் 4,800. விவரங்கள் தாமதமானால் அத்தனை நாள் முடிக்கும் தேதியும் தள்ளிப்போகும். சம்மதம் என்றால் இதற்கே 'சரி' என்று பதில் அனுப்பினால் போதும்."

இதில் மிகவும் பயன்படுவது "சேராது" என்ற வரி. என்ன செய்வேன் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், என்ன செய்யமாட்டேன் என்பதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். சண்டை வருவது அங்கிருந்துதான். இணையதளம் என்றால் டொமைன் (தள முகவரி) கட்டணம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), படங்கள், பிறகு வரும் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் தட்டச்சு, பக்க அமைப்பு, அச்சுப் பிழை பார்த்தல் எதெது அடக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கிறவர்களிடம் இதையே செய்தியாக அனுப்பலாம். குரல் செய்தியில் வந்த உத்தரவுகளை அன்றே எழுத்தாக்கி, "இன்று சொன்னவை இவை, சரிதானே?" என்று திருப்பி அனுப்புங்கள். நாலு நிமிடக் குரல் செய்தியைப் பிறகு தேடிக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

படி 4: விலை

பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் ஐந்நூறு குறைத்துச் சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். அது விலை அல்ல, ஏலம்.

உங்கள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு மாதம் 45,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இணையம், மின்சாரம், மென்பொருள், கணினித் தேய்மானம் 8,000. வரிக்கும் உடம்புக்கு ஏதாவது வந்தால் சமாளிக்கவும் 7,000. மொத்தம் 60,000. மாதம் 24 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 192 மணி நேரம். அதில் போன், கொட்டேஷன், பில், கற்றுக்கொள்வது, பணத்துக்கு அலைவது எல்லாம் போக, காசாகும் நேரம் பாதிதான், சுமார் 100 மணி. மணிக்கு 600 ரூபாய் வருகிறது. மேலே சொன்ன கேட்டலாக் 32 மணி நேரம் பிடிக்கும் என்று தோன்றினால், கால்வாசி சேர்த்து 40 என்று வையுங்கள். 24,000 வந்தது இப்படித்தான்.

இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கணக்கு சொன்னால் "வேகமாகச் செய்தால் குறையுமா?" என்றுதான் கேள்வி வரும். மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். பேரம் பேசுவார்கள், பேசாவிட்டால்தான் ஆச்சரியம். தொகையைக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறையுங்கள்: "20,000 என்றால் 12 பக்கம் செய்யலாம்." வேலை குறையாமல் விலை மட்டும் குறைந்தால், முதலில் சொன்ன விலையில் காற்று இருந்தது என்று அவர் நினைப்பார். அடுத்த முறை பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

உறவினருக்கும் நண்பருக்கும் முழு விலையில் பில் போட்டு, கீழே தள்ளுபடி என்று தனியாகக் கழியுங்கள். இலவசமாகச் செய்தாலும் பில் போடுங்கள். மதிப்பு தெரியாமல் வாங்கியது மதிக்கப்படுவதில்லை.

படி 5: முன்பணம் கேட்கும் கலை

"முதலில் வேலையை முடியுங்கள் தம்பி, பணம் எங்கே ஓடிவிடப் போகிறது?" இதைக் கேட்காத ஃப்ரீலான்சர் வட ஆற்காட்டில் இல்லை. சொல்கிறவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருடைய தொழிலில் சரக்கு போன பிறகுதான் பணம் வருகிறது. அதே பழக்கத்தை நம்மிடமும் காட்டுகிறார்.

இதற்குப் பதில், "உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை அண்ணா, முன்பணம் வந்த வரிசையில்தான் நான் வேலைகளை எடுக்கிறேன். இன்று அனுப்பினால் திங்கட்கிழமை உங்கள் வேலைதான்" என்பது. இதில் அவமானம் இல்லை, வரிசைதான் இருக்கிறது. பிறகு சொன்னபடி இருங்கள்: பணம் வராமல் கோப்பைத் திறக்காதீர்கள். "சும்மா ஒரு ஐடியாவுக்கு" என்று ஒரு வடிவம் அனுப்பிவிட்டால் அதன்பிறகு முன்பணம் என்ற பேச்சுக்கு வலுவில்லை.

சிறு வேலைக்கு முழுத்தொகையும் முன்னாலேயே, நடுத்தர வேலைக்குப் பாதி, மாதக்கணக்கில் நீளும் வேலைக்கு மாதாமாதம் என்பது என் அளவுகோல். முன்பணமே தராத பெரிய நிறுவனம் என்றால் பர்ச்சேஸ் ஆர்டரில் பணம் தரும் நாள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படி 6: வேலை நடக்கும்போது

வாடிக்கையாளர் மூன்று முறை போன் செய்கிறார் என்றால், நாம் ஒரு முறை சொல்லாமல் விட்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு, என்ன முடிந்தது, அவரிடமிருந்து என்ன வர வேண்டும், அடுத்தது என்ன என்று மூன்று வரி அனுப்புங்கள். வேலை நகராத வாரத்தில்தான் இது அதிகம் தேவை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அன்றைக்கு ஆன்லைன் சந்திப்பு வைத்துவிட்டு "கரண்ட் இல்லை" என்பது சாக்காகாது. அக்னி நட்சத்திர வாரங்களில் வேலூர் வெயிலில் கணினியும் நாமும் ஒன்றாகத் திணறுவோம். அந்த மாதத்தில் தேதி கொடுக்கும்போது இரண்டு நாள் கூட்டிக் கொடுங்கள்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தோல் வேலையில் அதிகம் கசப்பு வருவது அங்கேதான். பதனிட்டு முடித்த டான் (இளம்பழுப்பு) நிறத் தோல் ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் கைபேசியில் அது ஆரஞ்சாகத் தெரியும், மேலாளரின் பழைய மானிட்டரில் சாக்லேட்டாகத் தெரியும், அச்சில் மங்கி வரும். மூன்று பேரும் தாங்கள் பார்த்ததுதான் உண்மை என்பார்கள். ஆகவே திரையை நம்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்காதீர்கள். தோலின் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி மேசையில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கேட்டலாக் அச்சாகும் அதே தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, துண்டை அதன்மேல் வைத்து ஜன்னலோரம் காட்டுங்கள். சரி என்றால் அந்தத் தாளின் பின்புறம் தேதியோடு ஒரு கையெழுத்து. இரண்டாயிரம் பிரதி அச்சான பிறகு "இது எங்கள் நிறமே இல்லை" என்ற பேச்சு வந்தால் எடுத்துக்காட்ட அந்தத் தாள் இருக்கும்.

தெரியாத மொழியில் வேலை எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். லாட்ஜ் பலகைக்கு வங்காள எழுத்தை இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து ஒட்டினால், வடிவமைப்பு மென்பொருளில் கூட்டெழுத்துகள் பிரிந்து சிதறும், நம் கண்ணுக்கு அது தெரியாது. ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு முன் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கான கூலியைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 7: திருத்தங்கள்

திருத்தங்களை ஒன்றாகச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு பத்து மணிக்கு ஒன்று என்று வந்தால் எது எந்தச் சுற்று என்று கடவுளுக்கே தெரியாது. கோப்பின் பெயரில் சுற்று எண்ணும் தேதியும் இருக்கட்டும். "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைக்காதீர்கள், எந்தக் கடைசிக்கும் பின்னால் இன்னொன்று உண்டு.

கூடுதல் வேலை வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம், மௌனமாகச் செய்துவிட்டுக் கடைசிப் பில்லில் ஏற்றவும் வேண்டாம். தொடங்குவதற்கு முன், "தாராளமாகச் செய்யலாம், இதற்கு 1,800 ரூபாயும் இரண்டு நாளும் கூடும், தொடங்கட்டுமா?" என்று கேளுங்கள். பாதிக் கோரிக்கைகள் இந்தக் கேள்வியிலேயே கரைந்துபோகும்.

"பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் எது, ஏன் என்று கேளுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதா, போட்டியாளருடையது போல இருக்கிறதா, அல்லது வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா? கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி உண்மையான காரணம்.

படி 8: ஒப்படைப்பும் உரிமையும்

அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றித்தான் தர வேண்டும். நம் பக்க அச்சகங்களில் பழைய தமிழ் எழுத்துரு முறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. யூனிகோடு தமிழ் அங்கே திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

உரிமை பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு, பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் வாடிக்கையாளருடையது என்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாதவர் உருவாக்கிய எழுத்துக்கும் வடிவமைப்புக்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றில் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு உரிமை போகிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனிக்கு ஷூ அனுப்பும் நிறுவனத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் லோகோ எதற்கு? நீங்களே இதை எடுத்துச் சொல்லி, "முழுத்தொகையும் வந்ததும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக உரிமை தங்களுக்கு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். "முழுத்தொகையும் வந்ததும்" என்ற சொற்கள் உங்களுக்கான காவல்.

படி 9: பில், வரி

பில்லில் எண், தேதி, இருவர் முகவரி, வேலை விவரம், பான் எண், வங்கி விவரம், பணம் தர வேண்டிய கடைசி நாள் ஆகியவை இருக்கட்டும். சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. "ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான் எடுப்போம்" என்று சில நிறுவனங்கள் சொல்லும். அவர்களுடைய வேலை எவ்வளவு வரும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம். 60,000 பில்லுக்கு 54,000 வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். மீதி 6,000 உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், இல்லாவிட்டால்தான் கேள்வி. சில குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையும் உண்டு. உங்கள் தொழில் அதில் அடங்குமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

நிறுவனத்தின் கணக்காளரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி "கொடுத்துவிடுங்கள்" என்று சொன்ன பிறகும் காசோலை அவர் மேசையில்தான் தூங்குகிறது. அவர் கேட்கும் வடிவத்தில் பில்லைக் கொடுங்கள், எந்தக் கிழமை பணம் போடுவார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 10: பணம் வரவில்லை என்றால்

கெடு முடிந்த மறுநாளே ஒரு பணிவான நினைவூட்டல். வாரம் கழித்து பில்லை மறுபடி இணைத்து இன்னொன்று. பிறகு நேரில் போங்கள். நம் ஊரில் போனைவிட நேரில் போவதற்கு மதிப்பு அதிகம், உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்ப அவருக்கும் சங்கடமாக இருக்கும். கிளம்பும் முன் நாள் ஒன்று வாங்கிக்கொண்டு, "வரும் 20-ஆம் தேதி பாக்கி 11,400 தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று செய்தி அனுப்புங்கள். அவர் "ஆம்" என்று எழுதினால் அது பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டு கெடு. கெடுவுக்குள் எழுத்தில், கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாக எண்ணப்படும்.

இதற்கெல்லாம் முன்பே, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 2020 ஜூலையில் வந்தது, அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டியாக. இதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால் அது இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதிக் குழுமத்துக்குப் போகும்.

புகாருக்குப் போகாமலேயே வேலை செய்யும் இன்னொரு நெம்புகோல் உண்டு. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தர வேண்டிய நிறுவனம் உண்மையில் தரும் ஆண்டில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், பிப்ரவரியிலேயே கணக்காளரிடம் பாக்கிப் பட்டியலைக் கொடுங்கள். மார்ச் 31 நெருங்கும்போது ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

படி 11: வெளிநாட்டு வாடிக்கையாளர்

காட்பாடியில் மாலை 6.30 என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் 8. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை. சந்திப்பு நேரத்தை இரண்டு ஊர் நேரத்திலும் எழுதி அனுப்புங்கள். எல்லா இரவும் விழித்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், இருவரும் விழித்திருக்கும் இரண்டு மணி நேரம் போதும்.

முடியாததை முடியாது என்று அன்றே சொல்வதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். "பார்க்கலாம்" என்று நாம் மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பில்லில் எந்த நாணயம், அனுப்பும் கட்டணம் யாருடையது என்று எழுதுங்கள். இணையவழிப் பணம் அனுப்பும் சேவையான பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து பெறலாம். ஒவ்வொரு வரவுக்கும் அந்நியச் செலாவணி உள்ளே வந்ததற்கான சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், வரி கட்டாமல் சேவையை ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக்கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும்.

படி 12: விலகுவது

ஒரே வாடிக்கையாளர் உங்கள் வரவில் பாதிக்கு மேல் தருகிறார் என்றால் அவரிடம் நீங்கள் சம்பளம் இல்லாத ஊழியர். விலக வேண்டிய நிலை வருவதற்கு முன்பே மற்றவர்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

விலகும்போது காரணப் பட்டியல் வாசிக்க வேண்டாம். ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரை எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்தி முறை. "அடுத்த மாதத்திலிருந்து இந்த வேலையை எடுக்க முடியாத நிலை, கையிலுள்ளதை 30-ஆம் தேதிக்குள் முடித்துத் தருகிறேன்" என்பது போதும். அதன்பின் ஒரே மின்னஞ்சலில் எல்லாக் கோப்புகளும், டொமைன், ஹோஸ்டிங், சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியலும், பாக்கி விவரமும். டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் அவர் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள், பணம் வரும்வரை பிடித்துவைத்திருப்பது சட்டச் சிக்கலை நீங்களே விலைக்கு வாங்குவது. கடவுச்சொற்களை மாற்றச் சொல்லி, மாற்றியதற்கு ஒரு வரி பதில் வாங்குங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு தளம் நின்றுபோனால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.